பாதி இன்ஸ்டால்ல ஹேங் ஆகுற லேப்டாப்: கேள்வி பதில்

விண்டோஸோ லினக்ஸோ போடும்போது லேப்டாப் பாதியில நின்னா, கேக்கறதுக்கு முன்னாடி நாலு விவரம் எழுதுங்க: மாடல், ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க்கா எஸ்எஸ்டியா, எந்த இடத்துல நிக்குது. கடைசி விவரம்தான் முக்கியம். ஒவ்வொரு தடவையும் அதே சதவீதத்துல நின்னா பென்டிரைவ் இல்லன்னா டிஸ்க். வேற வேற இடத்துல நின்னா ராம். ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துல, மெஷின் சூடானதும் நின்னா ஃபேன். பாதி பேருக்கு இதுலயே பதில் இருக்கு.

கும்பகோணம்: 8-ஆம் தலைமுறை ஐ5, 8 ஜிபி, 1 டிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 11 போடுறேன். ஃபைல் காப்பி ஆகும்போது 63 சதவீதத்துல நிக்குது. மூணு தடவையும் அதே 63. பவர் பட்டனை அமுக்கித்தான் அணைக்கிறேன்.

பவர் பட்டன் கடைசி. முதல்ல கேப்ஸ் லாக் அமுக்கிப் பாருங்க. விளக்கு எரிஞ்சு அணைஞ்சா மெஷின் உயிரோட இருக்கு, எதுக்கோ காத்துக்கிட்டிருக்கு. அப்புறம் ஷிஃப்ட்டும் எஃப்10-உம் சேர்த்து அமுக்குங்க (சில மாடல்ல எஃப்என் சாவியும் சேரணும்). கறுப்பு ஜன்னல் திறந்தா இன்ஸ்டாலர்தான் சிக்கியிருக்கு, மெஷின் இல்ல.

அதே 63-ன்னா ரெண்டு இடம் பார்க்கணும். ஒண்ணு, இறக்குன ஐஎஸ்ஓ, அதாவது இன்ஸ்டால் ஃபைல். வேற விண்டோஸ் மெஷின்ல பவர்ஷெல் திறந்து கெட்-ஃபைல்ஹேஷ் (Get-FileHash) கட்டளையோட ஃபைல் பேரைக் கொடுங்க. வர்ற எண்ணை மைக்ரோசாஃப்ட் டவுன்லோட் பக்கத்துல இருக்கிற எண்ணோட ஒப்பிடுங்க. ஓர் எழுத்து மாறினாலும் மறுபடி இறக்கணும். எண் சரியா இருந்தும் 0x80070570 பிழை வந்தா பென்டிரைவ் மேலயும் ராம் மேலயும் சந்தேகம். 64 ஜிபின்னு அச்சடிச்சு உள்ளே 8 ஜிபி மட்டும் இருக்கிற போலி பென்டிரைவ் சந்தையில நிறைய. கொள்ளளவைச் சோதிக்கிற எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) ஓட்டினா உண்மை தெரியும்.

ரெண்டாவது, டிஸ்க். பென்டிரைவ்ல இருந்தே ஓடுற உபுண்டு லைவ் லினக்ஸ்ல ஏத்தி, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறிச்சு வெச்சிருக்கிற ஸ்மார்ட் அறிக்கையைப் பாருங்க. 5 (உபரி இடத்துக்கு மாத்துன செக்டர்), 197 (படிக்கத் திணறுற செக்டர்), 198 (படிக்கவே முடியாத செக்டர்) மூணு வரிசையிலயும் ரா வேல்யூ பூஜ்யமா இருக்கணும்; செக்டர்னா டிஸ்க்ல டேட்டா எழுதுற சின்னக் கட்டம். 199 (டேட்டா போற வழியில வந்த பிழை) ஏறியிருந்தா டிஸ்க் மேல பழி போடாதீங்க, கேபிளை கழட்டி மாட்டுங்க.

டிஸ்க் கெட்டா ஏன் பிழை காட்டாம சும்மா நிக்குதுன்னா, படிக்க முடியாத செக்டரை டிஸ்க் திரும்பத் திரும்ப முயற்சி பண்ணும். விண்டோஸ் ஒரு கட்டளைக்கு வழக்கமா 60 நொடி, லினக்ஸ் 30 நொடி பொறுத்துப் பார்க்கும். அப்படி இருபது செக்டர் வரிசையா வந்தா உங்களுக்கு அது ஹேங்.

நீடாமங்கலம், ரைஸ் மில் ஆபீஸ்: ஆரம்பிச்சு பத்து நிமிஷத்துல நிக்குது. சதவீதம் மாறுது. அடிப்பக்கம் கை வைக்க முடியல.

நீங்களே பதிலை எழுதிட்டீங்க. பின்மூடியைக் கழட்டுனதும் முதல்ல பேட்டரி கனெக்டரை எடுங்க. ஃபேன்ல இருந்து காத்து வெளியேறுற செம்புத் தகடுகளுக்கு முன்னாடி பாருங்க, உமித்தூசி கம்பளி மாதிரி படிஞ்சு ஒரே அடைப்பா இருக்கும். வெளியிலிருந்து ஊதினா போகாது. ஃபேனை கழட்டி அந்தத் திரையை உரிச்சு எடுக்கணும். ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சுக்கிட்டு புளோயர் அடிங்க, சுத்த விட்டு அடிச்சா பேரிங் போயிடும். பிராசசர் மேல இருக்கிற பழைய பேஸ்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல துடைச்சுட்டு புதுசு ஓர் அரிசி அளவு. அறுப்புக் காலத்துல களத்துப் பக்கம் வெச்சுப் பயன்படுத்துற மெஷினுக்கும் இதே வேலைதான்.

வேதாரண்யம்: ஒரு தடவை 12, ஒரு தடவை 80, ஒரு தடவை நீலத்திரை.

ராம். ரெண்டு குச்சி இருந்தா ஒண்ணொண்ணா மாட்டிப் பாருங்க. உப்புக்காத்து ஊர்ல தங்கநிறக் கால்கள்ல கறை படியும். பென்சில் ரப்பரால மெதுவா தேய்ச்சு, ஆல்கஹால்ல துடைச்சு, காஞ்சதும் மாட்டுங்க. ராமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86+ ராத்திரி முழுக்க ஓடட்டும். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் அந்தக் குச்சி வேண்டாம். "ஒண்ணுதானே" கணக்கு இங்க கிடையாது.

பட்டுக்கோட்டை: ஐயா, பம்ப்செட் ஓடுற நேரம் எங்க லைன்ல 170 வோல்ட்தான். அதனால இருக்குமா?

இருக்காது. அடாப்டர் ஸ்டிக்கர்ல 100-240 வோல்ட்னு போட்டிருக்கும், 170 அதுக்குப் பொருட்டே இல்ல. கரண்ட் போறதுதான் ஆபத்து. பேட்டரி செத்த லேப்டாப்னா இன்வெர்ட்டர் லைன்ல வெச்சு இன்ஸ்டால் பண்ணுங்க. அப்புறம் 65 வாட் கேக்கிற மெஷினுக்கு 45 வாட் அடாப்டர் போட்டிருக்கீங்களான்னும் பாருங்க.

திருவாரூர், கல்லூரி மாணவர்: அண்ணே, என்விடியா உள்ள லேப்டாப். உபுண்டு லோகோ வந்ததும் அப்படியே நிக்குது.

கேப்ஸ் லாக் தானா மினுக்கினா கெர்னல் பேனிக், அதாவது லினக்ஸே முறிஞ்சு நின்னுடுச்சு. மினுக்காம, அமுக்கினாலும் அசையாம இருந்தா பெரும்பாலும் என்விடியா சிப்புக்கான நூவோ டிரைவர். தம்பி, ஏறும்போது முதல்ல வர்ற கிரப் மெனுவுல முதல் வரியில நின்னு ஈ எழுத்தை அமுக்கு. லினக்ஸ்னு ஆரம்பிக்கிற வரியோட கடைசியில ஓர் இடைவெளி விட்டு நோமோட்செட் (nomodeset)னு ஒரே சொல்லா அடி. எஃப்10. இன்ஸ்டால் முடிஞ்சு முதல் தடவை ஏறும்போதும் இதையே செய்யணும், அதை மறந்துட்டு "மறுபடி நின்னுடுச்சு"ன்னு வருவாங்க. என்விடியா டிரைவர் போட்டப்புறம் அந்தச் சொல் தேவையில்ல.

திருவையாறு: செலரான் என்2840 லேப்டாப். லினக்ஸ் நல்லா ஏறுது, சும்மா இருக்கும்போது திடீர்னு உறையுது.

அந்த பே டிரெயில் சிப் குடும்பத்தோட பேர்போன நோய். மேலே சொன்ன அதே வரியில் இன்டெல்_ஐடில்.மேக்ஸ்_சிஸ்டேட்=1 (intel_idle.max_cstate=1) சேருங்க. பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும்.

பாபநாசம்: கோர் 2 டுயோ. பென்டிரைவ் தயார் பண்ற ரூஃபஸ்ல டிபிஎம் (பாதுகாப்பு சிப்) தடையெல்லாம் எடுத்தாச்சு. விண்டோஸ் 11-ஓட 24எச்2 பதிப்பு லோகோவுலயே நிக்குது.

தாண்டாது. 24எச்2-க்கு பாப்கவுண்ட் என்ற கட்டளை பிராசசர்லயே இருக்கணும், கோர் 2 டுயோவுல இல்ல. ரூஃபஸ் சோதனையைத்தான் நீக்கும், பிராசசரை மாத்தாது. லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போடுங்க.

மன்னார்குடி, சர்வீஸ் கடை: சார், கும்பகோணத்துக்காரருக்கு டிஸ்கையே மாத்தச் சொல்ற மாதிரி பேசுறீங்க. பேட் செக்டர் இருக்கிற இடத்தை மட்டும் பார்ட்டிஷன் போடாம விட்டா ஓடும். இல்லன்னா பேட் செக்டர் எடுக்கிற சாஃப்ட்வேர் ஓட்டலாம். கஸ்டமர்கிட்ட புது எஸ்எஸ்டிக்கு காசு இருக்க வேண்டாமா?

மாத்துன்னு நான் இன்னும் சொல்லல, எண்ணைப் பாருன்னுதான் சொன்னேன். உங்க பேச்சுல பாதி சரி. 197-ல நிக்கிறது "சந்தேகச் செக்டர்". எழுதுற நேரத்துல கரண்ட் போனாலே அது வரும். அது மேல மறுபடி எழுதினா, தகடு நல்லா இருந்தா சரியாகிடும், இல்லன்னா டிஸ்க் தானே உபரி செக்டருக்கு மாத்தி 5-ல கணக்கு ஏத்தும். உங்க சாஃப்ட்வேர் செய்யறதும் இவ்வளவுதான். இதுக்குக் காசு தேவையில்ல. விண்டோஸோட டிஸ்க்பார்ட் (diskpart) கட்டளையில கிளீன் ஆல் (clean all) போட்டா முழுக்க பூஜ்யம் எழுதும். 1 டிபிக்கு சில மணி நேரம். டேட்டா மொத்தமும் போயிடும், பேக்கப் எடுத்தாச்சான்னு கேளுங்க.

மயிலாடுதுறை: அப்போ பார்ட்டிஷன் விடுறது தப்பா? நானும் அப்படித்தான் விட்டு வெச்சிருக்கேன், ஒரு வருஷமா ஓடுது.

கீறல் ஓர் இடத்துல மட்டும் இருந்தா ஓடும். படிக்கிற ஹெட் தகட்டுல தட்டி தூள் கிளம்பியிருந்தா அந்தத் தூள் உள்ளேயே சுத்தும், இன்னிக்கு விட்ட இடத்துக்குப் பக்கத்துல நாளைக்குக் கெடும். எது உங்க டிஸ்க்னு தெரிய மாசம் ஒரு தடவை 5-ஐப் பாருங்க. அசையலன்னா ஓட்டுங்க, கல்யாண ஃபோட்டோவை மட்டும் அதுல வெக்காதீங்க.

மன்னார்குடி: கிளீன் ஆல்ல தப்பா வேற டிஸ்க் போயிடுச்சுன்னா?

போகும். அதனாலதான் லிஸ்ட் டிஸ்க் போட்டு கொள்ளளவைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கணும். டிஸ்க் 0 எப்பவும் உள் டிஸ்க்தான்னு நம்பாதீங்க, சில மெஷின்ல பென்டிரைவ் 0-ஆ வரும்.

தஞ்சாவூர்: இன்ஸ்டாலர்ல டிஸ்கே காட்டல.

11-ஆம் தலைமுறை இன்டெலா? அப்போ விஎம்டி, டிஸ்கை இன்டெலோட தனிக் கட்டுப்பாட்டுல வைக்கிற பயாஸ் அமைப்பு; அதுக்கான டிரைவர் இல்லாம இன்ஸ்டாலருக்கு டிஸ்க் தெரியாது. லேப்டாப் கம்பெனி தளத்துல இருந்து இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை விரிச்சு பென்டிரைவ்ல வெச்சு லோட் டிரைவர் கொடுங்க. பயாஸ்ல விஎம்டியை அணைச்சாலும் டிஸ்க் தெரியும், ஆனா அதுல ஏற்கெனவே இருக்கிற விண்டோஸ் அப்புறம் ஏறாது. பயாஸ்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி டிஸ்கைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கரோட ரெக்கவரி சாவியை எழுதி வைங்க.

ஒரத்தநாடு: எனக்கும் டிஸ்க் தெரியல சார்.

தஞ்சாவூர் பதில்.

நன்னிலம்: ஹேங் ஆகுது சார், என்ன பண்ணலாம்?

மாடல்? ராம்? டிஸ்க்? எத்தனை சதவீதம்? கேப்ஸ் லாக்?

வலங்கைமான்: ஆக்டிவேஷனுக்கு கிராக் எது நல்லது?

இங்க கிடையாது.

மன்னார்குடி: சார், ஒரு கஸ்டமர் டிஸ்க் இப்ப பெஞ்ச்ல. ஸ்மார்ட் அறிக்கை காட்டுற கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவுல சி5-க்கு நேரா 10, 05-க்கு நேரா 0. பத்துதானே, விட்டுடலாமா?

அந்த சி5 தான் 197. அந்த 10-உம் பத்து இல்ல, பதினாறு. அந்தச் சாஃப்ட்வேர் வழக்கமா பதினாறடிமானத்துல காட்டும், ஃபங்ஷன் மெனுவுல ரா வேல்யூவை தசமத்துக்கு மாத்திக்கலாம். பேக்கப் எடுத்துட்டு கிளீன் ஆல் ஓட்டுங்க. முடிஞ்சதும் சி5 பூஜ்யமாகி 05-உம் பூஜ்யத்துலயே நின்னா அதுலயே விண்டோஸ் போட்டுக் கொடுங்க. 05 ஏறியிருந்தா அடுத்த நாள் இன்னொரு தடவை ஓட்டுங்க. அப்பவும் ஏறினா டிஸ்கை கழட்டிடுங்க, 256 ஜிபி எஸ்எஸ்டி போதும்.