ஓக் மரத்தில் அக்கூஸ்டிக் கிட்டார் செய்தால் சத்தம் நன்றாக இருக்குமா? ஏன் யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை?

இருக்கும். பேக்குக்கும் சைடுக்கும் போட்டா நல்லாவே இருக்கும். டாப்புக்கு, அதான் கம்பிக்கு அடியில இருக்கிற முன்பலகைக்கு வேண்டாம், அதுக்கு ஸ்ப்ரூஸ் மாதிரி லேசான தடி (எங்க ஊர்ல மரத்தத் தடின்னு தான் சொல்லுவோம்) தான் வேணும்.

இதோட நிறுத்தியிருப்பேன், ஆனா "ஏன் யாரும் பயன்படுத்துவதில்லை"ன்னு ஒண்ணு கேட்டிருக்கீங்க பாத்தீங்களா, அது எனக்க பழைய புண்ணு. நான் பயன்படுத்தியிருக்கேன்.

மொதல்லயே சொல்லிடுதேன், நான் கிட்டார் செய்ற தொழில்காரன் இல்ல. கன்னியாகுமரி மாவட்டத்துல தக்கல பக்கம் கதவு, ஜன்னல், கட்டில் வேல. அப்பாவும் அதே வேல தான். சின்ன வயசுல இருந்து சர்ச் கொயர்ல கிட்டார் வாசிக்கேன், அந்தக் கிறுக்குல இதுவரைக்கும் நாலு செஞ்சிருக்கேன், அதுல ஒண்ணு அடுப்புக்குப் போச்சு. அதனால "நீ யாரு ஓக் பத்திப் பேச"ன்னு வாறவங்க இந்தப் பாராவோட திரும்பிடலாம்.

2019ல தூத்துக்குடியில பழைய பெட்டி, இரும்பு வாங்கி விக்கிற கூட்டுக்காரன் ஒருத்தன் போன் பண்ணினான். ஏதோ மெஷின் வந்த பாலெட்டு, அதான் சாமான அடியில தாங்குற மரச்சட்டம், தடி கனமா இருக்கு, வேணுமாலேன்னு. போய்ப் பாத்தா ஓரத்துல சூடு போட்ட மாதிரி முத்திர, யு.எஸ்., எச்.டி.ன்னு. எச்.டி.ன்னா உள்ள பூச்சி சாகட்டும்னு தடிக்க நடுப்பாகம் 56 டிகிரிக்கு ஏறி 30 நிமிஷம் நிக்கிற வரைக்கும் சூடு காட்டினதுன்னு அர்த்தம். அதுக்காக முழுசா உணங்கின தடின்னு நெனச்சிராதீங்க. ஒரு துண்ட அறுத்து ஒரு முனையில வாய வச்சு ஊதினேன், மறு முனைய சோப்புத் தண்ணியில முக்கி வச்சிருந்தேன். குமிழி வரல. ரெட் ஓக்னா குமிழி கொப்புளிச்சுட்டு வரும், அதுக்க நரம்புக் குழலெல்லாம் தொறந்து கெடக்கும். ஒயிட் ஓக்ல அது அடஞ்சிருக்கும், அதனால தான் விஸ்கி பீப்பாய்க்கு அத வைக்காவ.

எனக்கு ஆச வந்ததுக்கு வேற ஒரு காரணம் உண்டு. அமெரிக்காவுல பாப் டெய்லர், டெய்லர் கிட்டார் கம்பெனிக்காரரு, 1995ல கம்பெனிக் குப்பையில கெடந்த ஓக் பாலெட்ட ஒடச்சு பேக்கும் சைடும், வீடு கட்டுற சாதா தடியில டாப்பும் போட்டு ஒரு கிட்டார் செஞ்சு காட்டினாரு, மரத்த விடக் கை தான்னு நிரூபிக்க. ஃபிரட்போர்டுல, அதான் கம்பிய அமுக்குற கழுத்துப் பலகையில, பாலெட்டு தூக்குற ஃபோர்க்லிஃப்ட் வண்டி படம் வேற பதிச்சு வச்சிருந்தாரு, குசும்பு. அவருக்குப் பாலெட்டு கெடச்சா எனக்கும் கெடச்சாச்சு, பொறவென்ன.

பலக ஒவ்வொண்ணும் நாலு இஞ்சி அகலம் தான். அதனால சின்ன பாடி, பேக்குக்கு நாலு துண்டு ஒட்டினேன். ரெண்டு பலகையில மட்டும் குறுக்க வெள்ளி மாதிரி வரி ஓடிச்சு, ஓக்க நடுக்கீறா அறுத்தா வாற வரி அது, அந்த ரெண்டையும் சைடுக்கு எடுத்து வச்சேன். ரெண்டே கால் மில்லிக்கு இழச்சு, தண்ணியில ஊறப் போட்டு, இரும்புப் பைப்புக்குள்ள புளோ லாம்ப வச்சுச் சூடாக்கி அது மேல வளச்சேன். வளயதுல ஓக்க அடிச்சுக்க முடியாது, ஈட்டிய (ரோஸ்வுட்) விடச் சொன்ன பேச்சு கேட்டுது. ராத்திரி மோல்டுல வச்சு சி கிளாம்பு போட்டு இறுக்கிட்டுப் படுத்தேன்.

காலையில கிளாம்பக் கழத்தினா, ஒவ்வொரு இடத்துலயும் எட்டணாக் காசு அளவுக்கு வட்டமா கருப்பு. பைப்பு தொட்ட எடமெல்லாம் நீலம் கலந்த கருப்பு. இழச்சுப் பாத்தேன், உள்ள எறங்கியிருக்கு. ஓக்ல கறை, அதான் டானின்ங்கிற துவர்ப்பு, சாஸ்தி, ஈரத்தோட இரும்பு பட்டா மையாப் போயிரும். நெல்லிக்காய இரும்புக் கத்தியில வெட்டினா கறுக்குமே, அதே சங்கதி. பாலெட்டுல ஆணி இருந்த ஓட்டையச் சுத்தி கருப்பு வளையம் இருந்ததக் கண்ணால பாத்தேன், அப்பவே மண்டையில ஏறியிருக்கணும். ஏறல.

ரெண்டு நாள் அதத் தொடவே இல்ல. பொறவு ஒரு வாசி வந்திச்சு. கருப்பு தான வேணும், இந்தா முழுசாக் கறுத்துக்கோன்னு, துருப்பிடிச்ச ஆணிய ஒரு வாரம் வினிகர்ல போட்டு வச்சேன், கடுக்காயத் தட்டிப் போட்டுக் காய்ச்சின தண்ணிய மொதல்ல பேக்கு சைடெல்லாம் பூசி உணக்கிட்டு, அது மேல அந்த ஆணித் தண்ணிய அடிச்சேன். கண்ணு முன்னாடியே கறுத்திச்சு. கழுத்து தேக்கு. மேல பாலிஷ் போட்டதும் பாக்க என்னமோ பெரிய எடத்துச் சாமான் மாதிரி ஆயிட்டு.

அந்த டிசம்பர்ல கேரல் ரவுண்ட்ஸுக்குக் கொண்டு போனேன். கொயர்ல மூத்தவரு ஒருத்தரு, ரிட்டயர்டு சாரு, நல்ல காது உள்ள மனுஷன்னு எல்லாரும் சொல்லுவாவ, வாங்கி மடியில வச்சு ஒரு ஜி பிடிச்சாரு. "ஈட்டின்னா ஈட்டி தாம்ல மக்கா, பேஸ் எப்பிடி எறங்குது பாத்தியா"ன்னாரு. நான் வாயத் தொறக்கல. பாவம் தான், ஆனா பத்து நாள் தொறக்கல. பெருநாளுக்கு மறுநாள் சொன்னேன், சாரே இது ஈட்டி இல்ல, மெஷின் பெட்டித் தடி. அவரு திரும்பவும் வாங்கினாரு, அதே ஜி. "அதானே பாத்தேன், கொஞ்சம் அமுங்கலாத் தான் கேக்கு." கம்பி கூட மாத்தல நான்.

சாரக் கொற சொல்லல. 2018ல இங்கிலாந்துல லங்காஸ்டர் யுனிவர்சிட்டிக்காரங்க டெஸ்ட் வச்சாவ. பேக்கு சைடு மட்டும் வேற வேற தடி, மத்ததெல்லாம் ஒண்ணு போல ஆறு கிட்டார். பிரேசில் ஈட்டி, நம்ம ஈட்டி, மகாகனி, மேப்பிள், சப்பேலி, வால்நட். இருட்டு ரூம்ல வெல்டிங் கண்ணாடிய மாட்டி 52 பேர வாசிக்கச் சொன்னாவ. சத்தத்துல இது ஒசத்தி அது தாழ்ச்சின்னு பெரிய வித்தியாசம் யாரும் சொல்லல. அதுல ஓக் கெடயாது, ஒத்துக்கிடுதேன். தட்டிப் பாத்தா ஈட்டி மணி மாதிரி இழுக்கும், ஓக் டொக்குன்னு நிறுத்திரும், அதையும் ஒத்துக்கிடுதேன். ஆனா கனத்தச் சொல்லி ஓக்கக் கழிக்கிறது நியாயமில்ல. ஒயிட் ஓக் கன மீட்டருக்கு 750 கிலோ பக்கம், ஈட்டி 830 பக்கம் வரும். கனமான தடிய யாரு வேண்டாம்னு சொன்னா?

அப்பிடின்னா ஏன் போடுறதில்லன்னா, வெளிநாட்டுல ஓக்னா மேச, நாற்காலி, தரை, பீப்பாய். நம்ம ஊர்ல புளியந்தடியில வீண செஞ்சேன்னு சொன்னா சிரிப்பாவ இல்லியா, அது மாதிரி. இன்னொண்ணு, குழி குழியா இருக்கிறதால ஃபில்லர் போட்டுப் போட்டுக் கை போயிரும். நான் அஞ்சு கோட்டு போட்டேன், இன்னும் சாய்ச்சுப் பாத்தா குழி தெரியும்.

சரி, அந்தக் கிட்டார் இப்ப என்ன பண்ணுதுன்னா, சும்மா தொங்குது. ஓக்னால இல்ல. கொயருக்குப் பெரிய கீபோர்டு ஒண்ணு வாங்கிட்டாவ. வாசிக்கிற பையனுக்கு சி ஸ்கேல் மட்டும் தான் தெரியும், மத்ததெல்லாம் ட்ரான்ஸ்போஸ் பட்டன். டிரம்ஸும் அதுவே அடிக்கும், பேஸும் அதுவே வாசிக்கும், நாங்க நாலு பேரு ஓரமா நின்னு கை தட்டணும். பாட்டு நடுவுல ஒரு நாள் பட்டன் தப்பா அமுங்கி மொத்த சபையும் ரெண்டு சுருதி மேல போய் கத்திட்டு நின்னாவ, அப்பவும் யாருக்கும் வெக்கமில்ல. கமிட்டியில கேட்டா, ஜனங்களுக்கு அது தான் பிடிச்சிருக்காம். இத ஏன் இங்க எழுதுதேன்னு கேக்காதீங்க, வேற எங்க எழுத.

நீங்க கேட்ட விதத்தப் பாத்தா கையில ஏற்கெனவே ஓக் பலக இருக்குன்னு தோணுது, இல்லன்னா யாரோ வெளிநாட்டுல இருந்து கொண்டு வாறாங்க. கையில இருந்தா தைரியமா செய்யுங்க. காசு குடுத்து வரவழைக்கப் போறீங்கன்னா வேண்டாம், எங்க ஊருக்கு வாங்க, எந்தத் தடி மில்லுலயும் அயினி (காட்டுப் பலா) கெடைக்கும், பிலாவு (பலா) கெடைக்கும். ஒக்கிப் புயல்ல 2017ல விழுந்த பிலாவுல ஒரு பலக இன்னும் எனக்க பட்டறையில சாத்தி வச்சிருக்கேன், அடுத்தது அதுல தான்.

ஓக்ல செய்றதுன்னா கிளாம்புக்கு நடுவுல ஒரு பிளாஸ்டிக் ஷீட்டு வைங்க. பைப்பு இரும்பு வேண்டாம், அலுமினியம் வாங்கிக்கோங்க.