விண்டோஸ் 7 எழுந்திருக்க ஏன் இத்தனை நேரம்? – கேள்வி பதில்

பழைய விண்டோஸ் கணினிகள் தொடங்கத் தாமதமாவது பற்றிக் கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்த வரையில் பதில் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலானவை விண்டோஸ் 7 பற்றியவை, ஒன்று மட்டும் எக்ஸ்பி.

கேள்வி: அண்ணா, என் லேப்டாப்பில் விண்டோஸ் 7, ரேம் 2 ஜிபி. பவர் பட்டனை அழுத்திவிட்டுக் குளித்துவிட்டு வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிக்க?

பதில்: தம்பி, முதலில் எதையும் அழிக்காதீர்கள், 'வேகப்படுத்தும்' மென்பொருள் எதையும் புதிதாக ஏற்றாதீர்கள். கைபேசியில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு மூன்று இடங்களில் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் சின்னம் தோன்றும்போது ஒன்று, 'வெல்கம்' வரும்போது ஒன்று, டெஸ்க்டாப் வந்து மவுஸ் சொன்ன பேச்சைக் கேட்கும்போது ஒன்று. சின்னம் வருவதற்கு முன்பே நேரம் போனால் கோளாறு பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் நிரல்) பக்கம். சின்னத்தில் நின்றால் டிரைவரையோ (கணினியின் பாகங்களை இயக்கும் நிரல்) ஹார்டு டிஸ்க்கையோ சந்தேகப்படலாம். டெஸ்க்டாப் வந்த பிறகு திணறினால் ஸ்டார்ட்அப்பில் ஏறும் மென்பொருள்கள்தான் காரணமாக இருக்கும்.

இதைவிடத் துல்லியமான கணக்கை விண்டோஸ் 7 தானே எழுதி வைக்கிறது. பலர் அதைத் திறந்தே பார்த்ததில்லை. ஈவென்ட் வியூவருக்கு (விண்டோஸின் பதிவேடு) போய், 'அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ்', 'மைக்ரோசாஃப்ட்', 'விண்டோஸ்', 'டயக்னாஸ்டிக்ஸ்-பெர்ஃபார்மன்ஸ்', 'ஆபரேஷனல்' என்று ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போங்கள். அங்கே 100 என்ற எண்ணுள்ள பதிவில், தொடங்க எடுத்த நேரம் மில்லி செகண்டில் இருக்கும். 95000 என்றிருந்தால் 95 நொடி. அதன் விவரப் பக்கத்தில் டெஸ்க்டாப் வரும்வரை எவ்வளவு, வந்த பின் அடங்கும்வரை எவ்வளவு என்று பிரித்தும் போட்டிருக்கும். 101 வழக்கத்தைவிடத் தாமதித்த மென்பொருளையும், 102 டிரைவரையும், 103 சர்வீஸையும் (திரைக்குப் பின்னால் ஓடும் நிரல்) பெயரோடு காட்டும். ஒரே பெயர் நாலைந்து நாளாகத் திரும்பத் திரும்ப வந்தால் ஆள் அதுதான்.

கேள்வி: தட்டச்சு நிலையம் நடத்துகிறேன். எம்எஸ்கான்ஃபிக்கில் (விண்டோஸ் தொடங்கும் விதத்தை மாற்றும் கருவி) ஸ்டார்ட்அப் பட்டியலைத் திறந்தால் முப்பது பெயர்கள். எதை எடுத்தால் ஆபத்து இல்லை?

பதில்: டிக்கை எடுப்பதால் மென்பொருள் அழிந்துவிடாது, தானாக ஏறாது, அவ்வளவுதான். வேண்டும்போது நீங்களே திறந்துகொள்ளலாம். பிரிண்டர் கம்பெனி கூடவே போட்ட உதவியாளர்கள், பிடிஎஃப் படிப்பான், ஜாவா போன்றவற்றின் அப்டேட்டர்கள், பாட்டுக் கேட்கும் மென்பொருள், அரட்டை மென்பொருள் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். ஆன்டிவைரஸை விடுங்கள், டச்பேடு டிரைவரையும் விடுங்கள். தமிழ்த் தட்டச்சு மென்பொருளான அழகியோ என்எச்எம் ரைட்டரோ ஸ்டார்ட்அப்பில் இருந்தால் உங்கள் தொழிலுக்கு அது வேண்டும், இருக்கட்டும்.

சர்வீசஸ் பக்கத்துக்குப் போனால் முதல் வேலையாக 'ஹைட் ஆல் மைக்ரோசாஃப்ட் சர்வீசஸ்' என்பதை டிக் செய்யுங்கள். அதன் பிறகு மிஞ்சுவதில் மட்டும் கை வையுங்கள். ஒரு சர்வீஸ் தேவைதான், ஆனால் உடனே வேண்டாம் என்றால் சர்வீசஸ் ஜன்னலில் அதை 'ஆட்டோமேட்டிக் (டிலேய்டு ஸ்டார்ட்)' என்று மாற்றுங்கள். மற்றவை கிளம்பி ஏறக்குறைய இரண்டு நிமிடம் கழித்து அது கிளம்பும்.

கேள்வி: ப்ரீஃபெட்ச் போல்டரைத் தினமும் காலி செய்தால் வேகம் கூடும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். ஆறு மாதமாகச் செய்கிறேன், மாற்றம் தெரியவில்லை.

பதில்: மாற்றம் இருந்திருக்கும், எதிர்த்திசையில். எந்த மென்பொருள் தொடங்கும்போது எந்தக் கோப்புகள் தேவைப்படுகின்றன என்று விண்டோஸ் குறித்து வைக்கும் இடம் அது. அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் அடுத்த முறை அவற்றை முன்கூட்டியே வாசித்து வைக்கிறது. நீங்கள் தினமும் குறிப்பைக் கிழித்துப் போடுகிறீர்கள், அது தினமும் புதிதாக எழுதுகிறது. பழைய குறிப்புகளை அதுவே கழித்துக்கொள்ளும். தற்காலிகக் கோப்புகள் சேரும் டெம்ப் போல்டரை எப்போதாவது காலி செய்வதில் தப்பில்லை, இடம் மிஞ்சும்.

கேள்வி: எம்எஸ்கான்ஃபிக்கின் பூட் பகுதியில் 'நம்பர் ஆஃப் ப்ராசசர்ஸ்' என்பதை 4 என்று வைத்தால்?

பதில்: ஒன்றும் ஆகாது. டிக் இல்லாவிட்டாலே விண்டோஸ் ப்ராசசரில் இருக்கிற எல்லாக் கோர்களையும் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) பயன்படுத்துகிறது. அந்த வசதி குறைத்து ஓட்டிச் சோதிப்பவர்களுக்கானது. தவறி 1 என்று வைத்துவிட்டால் உங்கள் மெஷினுக்கு நீங்களே கடிவாளம் போட்டது மாதிரி.

கேள்வி: ஐயா, வேடிக்கையான ஒரு சந்தேகம். டெஸ்க்டாப் பின்னணியை வெறும் கறுப்பாக மாற்றியதிலிருந்து 'வெல்கம்' திரையில் அரை நிமிடம் நிற்கிறது. என் பிரமையா?

பதில்: பிரமை இல்லை! விண்டோஸ் 7-இல் உண்மையாகவே இருந்த குறை இது. பின்னணியில் படம் இல்லாமல் ஒற்றை நிறம் மட்டும் வைத்தால் உள்நுழையும்போது 30 நொடி வரை காத்திருக்கும். மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்டு திருத்தமும் வெளியிட்டது. அதைத் தேடி அலைய வேண்டாம். பெயின்ட்டில் கறுப்பாக ஒரு படம் செய்து அதைப் பின்னணியாக வையுங்கள். கறுப்பு அதே கறுப்புதான், ஆனால் இப்போது அது படம்.

கேள்வி: கடையில் பில் போட எக்ஸ்பி மெஷின் ஒன்று இருக்கிறது. முன்பு ஒரு நிமிடத்தில் வரும், இப்போது ஆறேழு நிமிடம். வைரஸ் இல்லை, ஃபார்மட் செய்தும் பார்த்தாயிற்று.

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன் சார். இதே நோயோடு வந்த ஒரு மெஷினை நான் இரண்டு முறை ஃபார்மட் செய்து இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்திருக்கிறேன்.

பழைய பட்டைக் கேபிள் ஹார்டு டிஸ்க்குகள் டிஎம்ஏ என்ற முறையில் தரவை நேராக ரேமுக்கு அனுப்பும், ப்ராசசருக்குச் சுமை இல்லை. கேபிள் தளர்ந்தோ டிஸ்க் தேய்ந்தோ வாசிப்பில் ஆறு முறைக்கு மேல் பிழை வந்துவிட்டால், எக்ஸ்பி வேகத்தைப் படிப்படியாகக் குறைத்துக் கடைசியில் பிஐஓ முறைக்கு இறக்கிவிடும். பிஐஓ என்றால் ஒவ்வொரு மூட்டையையும் ப்ராசசரே தூக்கிச் சுமக்க வேண்டும். அதிகபட்சம் நொடிக்கு 16 எம்பி சொச்சம். டிஎம்ஏ-வில் கேபிள் 100 எம்பி வரை தாங்கும். இதில் கொடுமை, இறக்கியதை எக்ஸ்பி உங்களிடம் சொல்லாது, தானாக ஏற்றவும் செய்யாது.

டிவைஸ் மேனேஜரில் 'ஐடிஈ' (அந்தப் பட்டைக் கேபிள் இணைப்பு) கன்ட்ரோலர்களுக்குக் கீழே 'பிரைமரி ஐடிஈ சேனல்' இருக்கும். அதன் 'அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்' பக்கத்தில் 'கரன்ட் டிரான்ஸ்ஃபர் மோட்' என்ன என்று பாருங்கள். பிஐஓ என்றிருந்தால் அந்தச் சேனலை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் அதைப் புதிதாகக் கண்டுபிடித்து டிஎம்ஏ-வுக்குத் திரும்பும். கேபிளையும் மாற்றிவிடுங்கள். சில வாரத்தில் மறுபடி பிஐஓ-வுக்கு இறங்கினால் டிஸ்க்கே சாகக் கிடக்கிறது என்று அர்த்தம். பில் கணக்கை இன்றைக்கே ஒரு பென்டிரைவில் நகல் எடுத்து வையுங்கள். அப்புறம், எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-உடன் ஆதரவு முடிந்துவிட்டது. அந்த மெஷினில் இன்டர்நெட் கேபிளைச் செருகாதீர்கள்.

கேள்வி: எனக்கு விண்டோஸ் வருவதற்கு முன்பே நிற்கிறது. எஃப்1 அழுத்தச் சொல்கிறது. தேதியும் பழைய வருஷத்துக்குப் போய்விடுகிறது.

பதில்: மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. நாணயம் மாதிரி வட்டமாக இருக்கும். மாற்றிவிட்டு பயாஸில் தேதியைச் சரிசெய்யுங்கள். அங்கேயே பூட் வரிசையில் ஹார்டு டிஸ்க்கை முதலில் வையுங்கள்.

கேள்வி: ரேம் போடலாமா, எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) போடலாமா? இரண்டையும் சேர்த்து வாங்கக் காசு இல்லை.

பதில்: ரேம் 1 ஜிபிதான் என்றால் முதலில் ரேம். 2 ஜிபிக்குக் குறையாமல் இருந்தால், தொடங்கும் வேகத்துக்கு எஸ்எஸ்டிதான். தொடங்கும்போது விண்டோஸ் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளை அங்கங்கே தேடி வாசிக்கிறது. லேப்டாப்பின் 5400 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 5400 சுற்று) டிஸ்க்கில் வாசிக்கும் முள் ஒவ்வொரு இடத்துக்கும் நகர்ந்து போக வேண்டும். நொடிக்கு நூறு வாசிப்பைத் தாண்டாது. எஸ்எஸ்டியில் முள்ளே இல்லை, ஆயிரக்கணக்கில் வாசிக்கும்.

ஒரு எச்சரிக்கை. பயாஸில் சாட்டா (டிஸ்க் இணைப்பு) முறை 'ஐடிஈ' என்ற பழைய முறையில் இருந்து, விண்டோஸ் அதிலேயே நிறுவப்பட்டிருந்தால், அதை 'ஏஎச்சிஐ' என்ற புதிய முறைக்குத் திடீரென மாற்றாதீர்கள். நீலத்திரைதான் வரும். புதிய டிஸ்க்கில் முதலிலிருந்து நிறுவுவதாக இருந்தால் மட்டும் முதலில் ஏஎச்சிஐ-க்கு மாற்றிவிட்டு நிறுவுங்கள்.

கேள்வி: இவ்வளவு பாடுபட்டு விண்டோஸ் 7-ஐ வைத்திருக்கத்தான் வேண்டுமா?

பதில்: நியாயமான கேள்வி. 2020 ஜனவரி 14-உடன் அதற்கும் ஆதரவு முடிந்தது. குரோம் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. பழைய ஸ்கேனருக்கோ அக்கவுன்ட்ஸ் மென்பொருளுக்கோ வேண்டும் என்றால் வைத்திருங்கள். பேங்க் வேலையை மட்டும் அதில் செய்யாதீர்கள். வெறும் இணையத்துக்கும் தட்டச்சுக்கும் என்றால் அதே எஸ்எஸ்டியில் எக்ஸ்எஃப்சிஈ என்ற இலகுவான டெஸ்க்டாப்போடு வரும் லினக்ஸ் மின்ட்டை (விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம்) ஏற்றிப் பாருங்கள். நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை எடுக்கிறதா, பிரிண்டர் ஓடுகிறதா என்று பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.