ஹெட்செட்டில் ஏன் இந்த இரைச்சல்? சிறு விமான ரேடியோ கேள்வி பதில்

செஸ்னா, பைப்பர் மாதிரி ஒற்றை எஞ்சின் விமானங்களில் வரும் ரேடியோ இரைச்சல் பற்றி வந்த கேள்விகளுக்கு ஏவியானிக்ஸ் (விமான மின்னணுக் கருவிகள்) வேலை பார்க்கும் நம் உறுப்பினர் பதில் சொல்கிறார்.

கேள்வி: சார், எங்க செஸ்னா 172-ல ஹெட்செட்டுக்குள்ள 'ஙொய்ய்'னு ஒரு சத்தம். த்ராட்டில் ஏத்தினா அதுவும் கூடவே ஏறுது. ஃபில்டர் ஒண்ணு வாங்கிப் போட்டா போதுமா?

பதில்: ஃபில்டர் கடைசியில். எஞ்சின் சுழலும் வேகத்தோடு (ஆர்பிஎம்) சுருதி ஏறி இறங்கினால் முதல் சந்தேகம் எஞ்சின் சுழற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் மேல்தான். தரையில் எஞ்சின் ஓடும்போது மாஸ்டர் சுவிட்சின் 'ஆல்ட்' பாதியை மட்டும் சில நொடி அணையுங்கள். சத்தம் நின்றால் ஆள் அகப்பட்டான்.

ஆல்டர்னேட்டருக்குள் பிறப்பது ஏசி. உள்ளே இருக்கும் ஆறு டையோடுகள் அதை டிசி ஆக்குகின்றன. ஒன்று போனாலும் டிசியில் அலை கூடும். அந்த அலைதான் உங்கள் காதில் கேட்பது. அதைத் தணிக்க வேண்டியது பேட்டரி. பேட்டரி முனை தளர்ந்தோ பூத்தோ போயிருந்தால் தணிக்காது. பழைய பைப்பர் செரோக்கிகளில் பேட்டரி கேபிளே அலுமினியம், முனைகள் ஆக்சைடு பிடிக்கும். இதையெல்லாம் பார்க்காமல் ஃபில்டர் போட்டால், சாகப்போகும் டையோடு சத்தமில்லாமல் சாகும், அவ்வளவுதான்.

கேள்வி: அதே ஆள்தான் சார். ரேடியோ வால்யூமை முழுசா குறைச்சாலும் சத்தம் அப்படியே இருக்கு.

பதில்: நல்ல தகவல், முதலிலேயே சொல்லியிருக்கலாம்! அப்படியானால் இரைச்சல் ரேடியோவைத் தாண்டி, இன்டர்காம் அல்லது ஆடியோ பேனல் பக்கம் நுழைகிறது. மைக், ஹெட்போன் ஜாக்குகளைப் பாருங்கள். அவை விமான உடலைத் தொடாதபடி ஃபைபர் வாஷர் போட்டு மாட்டியிருக்க வேண்டும். யாராவது ஜாக் மாற்றும்போது வாஷரை விட்டிருந்தால் கிரவுண்ட் (விமான உடலோடு சேரும் மின் இணைப்பு) இரண்டு இடத்தில் ஆகிவிடும். ஆல்டர்னேட்டர் மின்னோட்டத்தில் ஒரு பங்கு ஆடியோ கிரவுண்ட் வழியாகவும் ஓடும். ஆடியோ ஒயரைச் சுற்றியிருக்கும் உலோக உறை, அதாவது ஷீல்டு, ஒரு முனையில் மட்டும் கிரவுண்ட் ஆவதுதான் சரி. பாட்டுக்காக ஃபோனை ஆடியோ பேனலில் செருகி, அதே ஃபோனுக்கு சார்ஜரும் போட்டிருக்கிறீர்களா? சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு 'டிக் டிக் டிக்'. எஞ்சின் வேகம் கூடினா இதுவும் வேகமாகுது.

பதில்: மேக்னெட்டோ, அதாவது ஸ்பார்க் பிளக்குக்குப் பொறி தரும் கருவி. இடது, வலது என்று இரண்டு இருக்கும். ரன்-அப்பில் (பறக்கும் முன் செய்யும் எஞ்சின் சோதனை) சாவியை 'L' (இடது) நிலையில் வைத்தால் வலது மேக்னெட்டோ அணையும். அப்போது டிக் நின்றால் குற்றவாளி வலதுதான். ஸ்பார்க் பிளக் ஒயர்களின் ஷீல்டு, பிளக்கோடு சேரும் நட், பிறகு பி-லீடின் ஷீல்டு என்ற வரிசையில் பார்க்க வேண்டும்.

ஆனால் பி-லீடை நீங்களே நோண்டாதீர்கள். மேக்னெட்டோவை கிரவுண்ட் செய்து அணைப்பதே அந்த ஒயர்தான். அது அறுந்தால் சாவியை எடுத்த பிறகும் மேக்னெட்டோ உயிரோடு இருக்கும். புரொப்பெல்லரைக் கையால் அசைத்தாலே எஞ்சின் வெடித்துக் கிளம்பலாம். கை போகும், உயிரும் போகும். லைசென்ஸ் உள்ள எஞ்சினியரிடம் விடுங்கள்.

கேள்வி: எல்ஈடி லேண்டிங் லைட் மாட்டின நாள்ல இருந்து சில அலைவரிசையில ஸ்குவெல்ச் (யாரும் பேசாதப்ப ரேடியோவை ஊமையாக்கி வைக்கிற அமைப்பு) தானாத் திறக்குது அண்ணா. எஃப்எம்மா இருந்தா இந்தத் தொல்லை இருக்காதே, விமான ரேடியோ ஏன் இன்னும் ஏஎம்?

பதில்: ஏஎம்மில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் 'கீச்' என்று கேட்கும், இரண்டு குரல்கள் மோதிவிட்டன என்று டவருக்குத் தெரியும். எஃப்எம்மில் பலமானவர் குரல் மட்டும் கேட்கும், மற்றவர் பேசியதே தெரியாமல் போகலாம். அதற்காக இந்தத் தொல்லையைப் பொறுத்துக்கொள்ளலாம்.

லைட்டுக்கு உள்ளே இருக்கும் ஸ்விட்சிங் சர்க்யூட் 118 முதல் 136.975 மெகாஹெர்ட்ஸ் வரையிலான நம் பட்டையில் குப்பை கொட்டுகிறது. மலிவு யூஎஸ்பி சார்ஜரும் இதையே செய்யும். லைட்டைப் போட்டு, ஸ்குவெல்ச்சைத் திறந்து வைத்து, ரேடியோவின் பின்னால் ஆன்டெனா கேபிளைக் கழற்றுங்கள். இரைச்சல் நின்றால் ஆன்டெனா வழியாக வருகிறது. நிற்காவிட்டால் மின்கம்பி வழியாக. ஆன்டெனா இல்லாதபோது பிடிடி பட்டனை (பேசுவதற்கு அழுத்தும் பட்டன்) தொடவே கூடாது, டிரான்ஸ்மிட்டர் கெட்டுவிடலாம்.

கேள்வி: ஒரு குறிப்பிட்ட அலைவரிசையில பேசினா மட்டும் ஜிபிஎஸ் தொலைஞ்சு போகுது. பேச்சை நிறுத்தினா திரும்ப வருது.

பதில்: அந்த அலைவரிசை 121.15, 121.175, 121.2 அல்லது 131.25-ஆ? ஜிபிஎஸ் கேட்பது 1575.42 மெகாஹெர்ட்ஸில். 121.175-ஐ 13-ஆல் பெருக்குங்கள்: 1575.275. 131.25-ஐ 12-ஆல் பெருக்கினால் 1575. இப்படி அலைவரிசையின் மடங்கில் கசியும் சிக்னல், அதாவது ஹார்மோனிக்தான், ஜிபிஎஸ்ஸை அமுக்குகிறது. சில நேரம் உங்கள் ரேடியோ நிரபராதி. பக்கத்தில் இருக்கும் ஈஎல்டி (விபத்தில் அபாய சிக்னல் அனுப்பும் கருவி) ஆன்டெனா அந்த சக்தியை வாங்கித் திருப்பி உமிழும். தரையில் ஈஎல்டி ஆன்டெனாவைக் கழற்றிச் சோதித்தால் தெரிந்துவிடும். காம் (பேசும் ரேடியோ) ஆன்டெனா கேபிளில் நாட்ச் ஃபில்டர் (ஒரு குறுகிய பட்டையை மட்டும் தடுக்கும் ஃபில்டர்) போடுவது வழக்கமான தீர்வு. இங்கே மட்டும் ஃபில்டர் வாங்குங்கள், தடுக்க மாட்டேன்.

கேள்வி: மழைக்குள்ள போனா மட்டும் 'ஸ்ஸ்ஸ்'.

பதில்: துளிகள் உரசி உடம்பில் சேரும் மின்சாரம் முனைகளில் கசிகிறது. தரை ரேடியோ நிலையம் இருக்கும் திசையைக் காட்டும் ஏடிஎஃப்தான் அதிகம் பாதிக்கப்படும். இறக்கை ஓரத்தில் ஸ்டாட்டிக் விக் (அந்த மின்சாரத்தைக் காற்றில் மெல்ல விடும் மெல்லிய குச்சி) இருந்தால் முறிந்திருக்கிறதா என்று பாருங்கள். அய்லரான், எலிவேட்டர் என்ற அசையும் பலகைகளின் கீல்களைத் தாண்டி அவற்றை உடலோடு மின்சாரத்தால் இணைக்கும் பாண்டிங் பட்டை அறுந்திருந்தாலும் இதே சத்தம் வரும்.