மக்ரானா பளிங்கு: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: தாஜ்மகாலில் இருப்பது மக்ரானா மார்பிள் என்கிறார்கள். அதில் அப்படி என்ன விசேஷம்?

ராஜஸ்தானில் மக்ரானா என்ற ஊரைச் சுற்றி இன்றைக்கும் வெட்டியெடுக்கும் கல் அது. முதலில் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல்தான், அப்புறம் பூமிக்குள் புதைந்து அழுத்தத்திலும் சூட்டிலும் மறுபடி படிகமாகி, பரல்கள் ஒன்றோடொன்று இறுகப் பின்னிக்கொண்டன. அதனால் தண்ணீரை எளிதில் உறிஞ்சாது. கிட்டத்தட்ட முழுக்கக் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம், கலப்பு ரொம்பக் குறைவு, அந்த வெண்மைக்குக் காரணம் இதுதான். கொல்கத்தா விக்டோரியா நினைவகமும் இதே கல்.

கேள்வி: தாஜ்மகால் மஞ்சளாவதற்கு மதுரா பெட்ரோலிய சுத்திகரிப்பு ஆலையும் அமில மழையும்தானே காரணம்?

பள்ளியில் நாம் எல்லோரும் அப்படித்தான் படித்தோம். கந்தக டைஆக்சைடு ஈரத்தோடு சேர்ந்தால் கால்சைட்டை உதிரக்கூடிய ஜிப்சமாக மாற்றிவிடும், அது உண்மை. 1996-ல் உச்ச நீதிமன்றம் 292 ஆலைகளை எரிவாயுவுக்கு மாறுங்கள், இல்லையென்றால் இடத்தைக் காலி செய்யுங்கள் என்றது, மிகச் சரியான தீர்ப்பு. ஆனால் நிறம் மாறும் கதை வேறு. ஐஐடி கான்பூர், அமெரிக்காவின் ஜார்ஜியா டெக், நம் தொல்லியல் துறை சேர்ந்து செய்து 2014-ல் வெளிவந்த ஆய்வில், சுத்தமான பளிங்குத் துண்டுகளைத் தாஜ் வளாகத்தில் சுமார் இரண்டு மாதம் வைத்து, மேலே என்ன படிகிறது என்று பார்த்தார்கள். மண்தூசி, கரி, அதோடு விறகும் சாணமும் குப்பையும் எரிவதில் வரும் பழுப்புக் கரிமம். தூசியும் பழுப்புக் கரிமமும் நீல ஒளியை அதிகம் விழுங்குவதால் வெள்ளைக் கல் நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது.

கேள்வி: தாஜ்மகால் சுவரில் தெரியும் பச்சைத் திட்டு?

அது பூச்சி எச்சம். யமுனை ஓடாமல் தேங்கி அழுக்கானதால் பெருகிய பூச்சிகள்.

கேள்வி: அப்படியென்றால் வருஷா வருஷம் முல்தானி மட்டி போட்டுக் கழுவிவிடலாமே?

மட்டியைக் குழைத்து 2 மி.மீ. கனத்துக்குப் பூசி, சட்டென்று காயாமலிருக்க பாலிதீன் தாளால் மூடி, அழுக்கை உறிஞ்சியதும் எடுத்துவிட்டுக் காய்ச்சி வடித்த நீரில் கழுவுகிறார்கள். இருப்பதில் மென்மையான வழி இதுதான். ஆனாலும் கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோ அளவில் கால்சைட்டுக்கு 3, தூசியிலுள்ள குவார்ட்ஸ் என்ற மணல் கனிமத்துக்கு 7, கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாலும் உப்புத்தாள் போட்ட மாதிரி ஆகிவிடும். அதனால் சுத்தம் செய்யும் தடவைகளைக் குறைக்க வேண்டும் என்றுதான் நான் சொல்வேன், அதற்கு ஆக்ராவைச் சுற்றிக் குப்பை எரிப்பது நிற்க வேண்டும், யமுனையில் தண்ணீர் ஓட வேண்டும். கற்களைப் பிணைக்க உள்ளே வைத்த இரும்புக் கவ்விகளையும் கவனியுங்கள், துரு பிடித்தால் பருத்து, உள்ளிருந்தே கல்லைப் பிளக்கும். அழுக்கையாவது கழுவலாம், பிளந்த கல்லை என்ன செய்வது?

கேள்வி: எங்கள் பூஜை அறையில் வெள்ளை மார்பிள். விளக்கடியில் மங்கலாக வட்டம் விழுந்துவிட்டது, எவ்வளவு துடைத்தும் போகவில்லை.

விளக்கைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டு ஈரத்தோடு வைத்தீர்களா? அப்படியானால் அது கறையில்லை, புளியின் அமிலம் கல்லின் மேல்பரப்பைக் கரைத்த தடம். எலுமிச்சை, வினிகர், ஆசிட் எதுவும் போட்டுவிடாதீர்கள், இன்னும் அரிக்கும். பாலிஷ் போடுகிறவரைக் கூப்பிட்டு அந்த இடத்தை மட்டும் இழைக்கச் சொல்லுங்கள். இனிமேல் விளக்கை நன்றாக அலசித் துடைத்து, அடியில் ஒரு பித்தளைத் தட்டு வைத்து ஏற்றுங்கள்.