எத்தனை வாட் போதும்? ஹேம் ரேடியோ கேள்வி பதில்

மலேசியா சுங்கை சிப்புட் சுத்துவட்டாரத்துல தோட்டத்துலயும் தாமான்லயும் (குடியிருப்புப் பகுதி) ஹேம் பண்ற, அதாவது லைசென்ஸ் எடுத்து பொழுதுபோக்கா ரேடியோவுல பேசுற நம்ம ஆளுங்க அனுப்புன கேள்விங்க, எல்லாமே பவர் பத்திதான்.

லயத்து வீட்டுலேருந்து ஒரு தம்பி: அண்ணே, 5 வாட் வாக்கி வச்சிருக்கேன். ரிப்பீட்டர் (நாம பேசுறத வாங்கி தூரத்துக்குத் திருப்பி அனுப்புற நிலையம்) தெளிவா கேக்குது, நான் அமுக்குனா தெறக்க மாட்டேங்குது. 10 வாட் வாக்கி வாங்கவா?

வேணாம் தம்பி. மொதல்ல டோன் (ரிப்பீட்டர தெறக்க செட்டு கூடவே அனுப்புற சின்ன ஒலி) சரியா போட்டிருக்கியான்னு பாரு, டோன் தப்புன்னா 50 வாட் அடிச்சாலும் தெறக்காது. அது சரின்னா பிரச்சன உன் கூரைதான். தகரத்துக்குக் கீழ உக்காந்து ரப்பர் ஏரியல்ல பேசுற, ரிப்பீட்டர் மலை மேல நல்ல ஏரியல் வச்சு பெரிய பவர்ல பேசுது, அதான் அது உனக்குக் கேக்குது உன்னோடது அங்க போய்ச் சேரல. 5 வாட்ட 10 ஆக்குனா 3 டிபிதான் (டெசிபல்) கூடும், செட்டு மீட்டர்ல அரை எஸ். எஸ்-ங்கிறது சிக்னல் பலத்தோட அளவு, ஒரு எஸ்னா 6 டிபி. அந்தக் காசுக்கு வெளிய ஒரு கிரவுண்ட் பிளேன் ஏரியல் கட்டிடலாம். 145 மெகாஹெர்ட்ஸுக்கு நடுக்கம்பி 49 சென்டிமீட்டர், கீழ நாலு கம்பி அதவிட கொஞ்சம் நீளமா சாய்வா வரணும், எஸ்ஓ-239 சாக்கெட்ல (கேபிள் மாட்டுற சாக்கெட்) சால்டர் பண்ணி பிவிசி பைப்ல கூரைக்கு மேல ஏத்திடு. இடி வர்றதுக்கு முன்னாடியே கேபிள கழட்டி வெளிய போட்டுரு, நம்ம பக்கத்து சாயங்கால இடிய நம்பவே கூடாது.

ஏரியல் உயரத்துலதான் இருக்கு, ஆர்ஜி-58 கேபிள் 20 மீட்டர் ஓடுது. போதுமாண்ணே?

145 மெகாஹெர்ட்ஸ்ல அந்தக் கேபிள் 20 மீட்டருக்கு ஏறக்குறைய 4 டிபி தின்னுடும். செட்டுலேருந்து 5 வாட் கெளம்புனா மேல போறது 2 வாட். வர்ற சிக்னலும் அதே மாதிரிதான் தேயும், அனுப்புற பவர ஏத்துற ஆம்ப்ளிஃபையர் வச்சு அத திருப்பி வாங்க முடியாது. ஆர்ஜி-213 போடுங்க, தடிமனாதான் இருக்கும், வளைக்க கஷ்டம், ஆனா இழப்பு பாதிக்கும் கம்மி.

தைப்பிங்ல இருக்குற மச்சான்கூட ரிப்பீட்டர் இல்லாம பேசணும். 50 வாட் மொபைல் செட் (கார்ல வைக்கிற ரேடியோ) போதுமா?

நடுவுல பிந்தாங் மலைத்தொடர் நிக்குதே. விஎச்எஃப்ல (நீங்க பேசுற 145 மெகாஹெர்ட்ஸ் மாதிரி அலைவரிசை) மலை குறுக்க வந்துட்டா வாட்ட ஏத்தி ஏத்திப் பாத்தாலும் பெரிய பலன் இருக்காது. ரெண்டு பேருக்கும் அனுமதி இருந்தா 7 மெகாஹெர்ட்ஸ்ல பகல்ல பேசிப் பாருங்க. 20 மீட்டர் நீள டைபோல் (நடுவுல கேபிள் மாட்டுன கம்பி ஏரியல்), ஏழெட்டு மீட்டர் உயரத்துல கட்டுனா சிக்னல் நேரா மேல போயி வானத்து அயனி மண்டலத்துல பட்டு திரும்பி கீழ எறங்கும், மலை ஒரு தடையே இல்ல, ஜொகூர் வரைக்குமே 100 வாட்ல நிம்மதியா பேசலாம்.

ஐயா, சென்னைக்குப் பேசணும்னு ரொம்ப நாள் ஆச. 500 வாட் லீனியர் (பவர ஏத்துற ஆம்ப்ளிஃபையர்) இல்லாம முடியாதுன்னு கூட்டாளி சொல்றாரு.

முடியும்யா! இங்கேருந்து சென்னை சுமார் 2,500 கிலோமீட்டர், பேண்ட் தெறந்திருந்தா, அதாவது அந்த நேரம் அயனி மண்டலம் சிக்னல திருப்பி விட்டா, 14 மெகாஹெர்ட்ஸ்ல ஒரே தாவல்ல போயிடும். 100 வாட் குரல்ல பேசுறதுக்கு நெறைய. 500-க்கு ஏத்துனா கூடுறது 7 டிபி, எஸ் கணக்குல ஒன்னுக்கு சொச்சம். சென்னைல பேசுறவரு உங்களுக்குக் கேக்கலன்னா லீனியர் எதுக்கு? அந்தக் காச ஏரியல்ல போட்டா பேசுறதும் ஏறும் கேக்குறதும் ஏறும். அதோட எம்சிஎம்சி (மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம்) குடுக்குற லைசென்ஸ்ல உங்க கிளாஸுக்கு எவ்ளோ வாட்னு பாத்துட்டு அதுக்குள்ளயே இருங்க.

எஃப்டி8-ல (கம்ப்யூட்டர் வச்சு சின்னச் சின்ன செய்தி அனுப்புற முறை) 100 வாட் முழுசா வைக்கலாமா?

வைக்காதீங்க. பேசும்போது பவர் ஏறி எறங்கும், எஃப்டி8 அப்படி இல்ல, 15 செகண்டுல ஏறக்குறைய 13 செகண்ட் முழு பவர்லயே நிக்கும், செட்டு கொதிச்சுப் போயிடும். 20, 30 வாட் தாராளம். 5 வாட்லயே கடல் தாண்டிப் போறத கண்ணால பாக்கலாம்.

அக்கா ஒருத்தவங்க கேக்குறாங்க: கரண்ட் போனா பேட்டரில ஓட்டணும், லயத்துல பக்கத்து வீட்டு டிவிலயும் படம் கெடக் கூடாது.

ரெண்டுக்கும் பவர கொறைக்கிறதுதான்கா வழி. 100 வாட் செட்டு அமுக்கும்போது 20 ஆம்பியருக்கு மேல இழுக்கும், 5 வாட் செட்டுன்னா ரெண்டு மூணு ஆம்பியர்ல முடிஞ்சிடும், சின்ன பேட்டரியே ராத்திரி பூரா தாங்கும். டிவிக்கு, ஏரியல சுவத்துலேருந்து தள்ளி பின்னாடி கொல்லைப் பக்கம் கொண்டு போங்க, கேபிள்ல ஃபெர்ரைட் (தொந்தரவு சிக்னல தடுக்குற காந்த வளையம்) மாட்டுங்க. அப்பவும் படம் கெட்டா 100-லேருந்து 25-க்கு எறக்குங்க, அந்தப் பக்கம் கேக்குறவங்களுக்கு ஒரு எஸ்தான் கொறையும்.