1773-இல் தேயிலை விலை குறைந்தும் பாஸ்டன்காரர்கள் அதை ஏன் கடலில் கொட்டினார்கள்?

விலைக்காக நடந்த சண்டை என்று நினைத்தால் இது பிடிபடாது. 1773 தேயிலைச் சட்டம் புதிதாக எந்த வரியும் போடவில்லை. அமெரிக்கக் குடியேற்றங்களின் இறக்குமதி மீது பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1767-இல் போட்ட டவுன்ஷெண்ட் வரிகளில் கண்ணாடி, ஈயம், காகிதம், பெயின்ட் மீதானவை 1770-இல் போய்விட்டன. தேயிலைக்கு மட்டும் ராத்தலுக்கு 3 பென்ஸ் விட்டுவைத்தார்கள், வரி போடும் உரிமை நாடாளுமன்றத்துக்கு உண்டு என்று காட்ட. கிழக்கிந்தியக் கம்பெனி தேயிலையை நேரே அமெரிக்காவுக்கு அனுப்பலாம், இங்கிலாந்துச் சுங்கமும் திரும்பக் கிடைக்கும் என்றது புதுச் சட்டம். சரக்கு மலிந்தது. ஆனால் அதை வாங்குகிறவர் அந்த 3 பென்ஸையும் ஒப்புக்கொண்டவர் ஆகிறார். டச்சுத் தேயிலை கடத்தியவர்களின் பிழைப்பும் இதில் அடிபட்டது; கொள்கை மட்டுமே காரணம் என்பது பாடப்புத்தகப் பேச்சு.

வசூலான பணம் எங்கே போனது என்று பாருங்கள். கவர்னருக்கும் நீதிபதிகளுக்கும் சம்பளமாக. அதுவரை பாஸ்டன் இருந்த மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் கவர்னர் சம்பளத்தை உள்ளூர் சட்டசபைதான் ஒதுக்கியது. அவர் முரண்டு பிடித்தால் பணத்தை இழுத்தடிக்கலாம். அந்தப் பிடி கைநழுவியது.

இந்த எரிச்சல் 1765 முத்திரைச் சட்டத்திலிருந்தே ஊறியது. பத்திரம், செய்தித்தாள் எல்லாவற்றுக்கும் காசு கட்டி வாங்கிய முத்திரை வேண்டும். சீட்டுக்கட்டுக்கு 1 ஷில்லிங், ஒரு ஜோடி பகடைக்கு 10 ஷில்லிங். ஸ்டெர்லிங் கணக்கில் கட்ட வேண்டும், குடியேற்றங்களிலோ ரொக்கத் தட்டுப்பாடு. மீறினால் ஜூரி இல்லாத அட்மிரால்டி (கடல்வழக்கு) நீதிமன்றம். ஆனால் முத்திரைத்தாள் வினியோகம் சில முகவர்கள் கையில் இருந்ததால் அவர்களை மிரட்டினாலே போதும். பாஸ்டனில் முத்திரைத்தாள் முகவர் ஆண்ட்ரூ ஆலிவரின் கொடும்பாவியைத் தொங்கவிட்டதும் அவர் விலகினார். 1766 மார்ச்சில் சட்டமே ரத்தானது.

தேயிலையில் அந்த வழி பாஸ்டனில் பலிக்கவில்லை. கம்பெனியின் முகவர்களில் இருவர் கவர்னர் ஹட்சின்சனின் மகன்கள்; விலக மறுத்தார்கள். சுங்கத்தில் பதிவான கப்பல் 20 நாளுக்குள் வரி கட்டாவிட்டால் சரக்கு பறிமுதல். பதிவான பின் சரக்கோடு திரும்பிப் போகவும் ஹட்சின்சன் அனுமதி தரவில்லை. டார்ட்மவுத் கப்பலுக்குக் கெடு டிசம்பர் 17. முந்தின இரவு மூன்று கப்பல்களிலிருந்து 342 பெட்டிகள் கடலுக்குப் போயின. பிலடெல்பியாவில் வந்த கப்பலைச் சுங்கத்தில் பதியவே விடாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சார்ல்ஸ்டனில் கெடு தாண்டியதும் சுங்கத்தார் தேயிலையை இறக்கிக் கிடங்கில் பூட்டினார்கள். யாரும் வரி கட்டவில்லை, யாரும் கடலில் கொட்டவும் இல்லை.