சமையல் கேள்வி – பதில்: டெக்சாஸ் போர்க் பௌல்

கேள்வி: அக்கா, ஆஸ்டினுக்குக் குடிவந்ததிலிருந்து பன்றிக்கறியைச் சோற்றின் மேல் போட்டுத் தரும் டெக்ஸ்-மெக்ஸ் (டெக்சாஸ், மெக்சிகோ கலந்த சமையல்) போர்க் பௌல் என்றால் என் மகனுக்கு உயிர். வீட்டில் செய்தால் கறி சக்கையாகிவிடுகிறது, வாசனையும் நம் வறுவல் மாதிரியே இருக்கிறது. போர்க் லாயின் வாங்கி, மிளகாய்த்தூள், மல்லித்தூள், கரம் மசாலா போட்டு நெடுநேரம் வேகவைத்தேன். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, ஆஸ்டின்

பதில்: முதலில் கறியை மாற்றுங்கள். லாயின் முதுகுப் பக்கத்துக் கறி, கொழுப்பு கம்மி. சட்டென்று வேகவைத்து இறக்க வேண்டியது அது. அடுப்பில் கிடந்தால் சக்கைதான். பௌலுக்குத் தோள்பட்டைக் கறி வேண்டும். கடையில் 'போர்க் ஷோல்டர்' அல்லது 'பாஸ்டன் பட்' என்று ஒட்டியிருப்பார்கள். அதில் கொழுப்பும் சவ்வும் ஊடும் பாவுமாக ஓடும். உள்சூடு 63 டிகிரி செல்சியஸ் வந்து, 3 நிமிடம் ஆறினாலே சாப்பிடலாம், பயமில்லை. ஆனால் 90 டிகிரியைத் தாண்டினால்தான் சவ்வு கரைந்து, முள்கரண்டி பட்டதும் கறி பிரியும்.

அப்புறம் மசாலா. பட்டையும் கிராம்பும் சேர்ந்தால் நம் வறுவல் வாசனை வரத்தான் செய்யும், அதனால் கரம் மசாலா வேண்டாம். மல்லித்தூளும் வேண்டாம். இந்தச் சமையலுக்கு உயிர் சீரகம். மெக்சிகோவில் கிள்ளிப் போடும் சீரகத்தை டெக்சாஸில் அள்ளிப் போடுவார்கள். 1731-ல் கேனரி தீவுகளிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் கொண்டுவந்த பழக்கம் என்று நான் இருக்கும் சான் அன்டோனியோவில் சொல்வார்கள்.

இங்கே 'சில்லி பவுடர்' என்று விற்பதில் மிளகாயோடு சீரகம், பூண்டு, ஆரிகனோ என்ற வாசனை இலை எல்லாம் கலந்திருக்கும். 1890-களில் நியூ பிரான்ஃபெல்ஸில் வில்லியம் கெப்ஹார்ட் என்ற ஜெர்மானியர் இப்படி ஒரு பொடியை விற்றுப் பேர் வாங்கினார். அந்த அளவுக்கு நம் மிளகாய்த்தூளைப் போட்டால் வாயில் வைக்க முடியாது. நான் பொடியே வாங்குவதில்லை, ஆஞ்சோ என்ற மெக்சிகோ காய்ந்த மிளகாய்தான். கறுஞ்சிவப்பாக, சுருக்கம் விழுந்து, உலர்திராட்சை வாசனையோடு இருக்கும், காரம் குறைவு. காம்பும் விதையும் நீக்கி, வெறும் வாணலியில் அரை நிமிடம் புரட்டி, வெந்நீரில் ஊறவையுங்கள். கருகவிட்டால் கசக்கும், பக்கத்திலேயே நில்லுங்கள்.

ஒன்றரை கிலோ கறிக்கு 4 ஆஞ்சோ, வறுத்த சீரகம் 2 டீஸ்பூன், பூண்டு 6 பல், ஒரு வெங்காயம், ஆரிகனோ ஒரு டீஸ்பூன், ஒரு ஆரஞ்சின் சாறு. எல்லாவற்றையும் விழுதாக அரையுங்கள். முந்தின இரவே உப்புத் தடவி வைத்த கறியைப் பெரிய துண்டங்களாகவே எண்ணெயில் சிவக்கவிட்டு, விழுதும் ஒரு டம்ளர் தண்ணீரும் சேர்த்து, கனமான பாத்திரத்தில் மூடி, 150 டிகிரி செல்சியஸ் ஓவனில் 3 மணி நேரம் விடுங்கள்.

பலரும் இதோடு இறக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து இன்னும் பத்து நிமிடம் பொறுங்கள். கறியைப் பிய்த்துத் தட்டில் பரப்பி, சாற்றைச் சுண்டவிட்டு மேலே ஊற்றி, ஓவனில் மேலிருந்து அனல் அடிக்கும் 'பிராய்ல்' சூட்டில் 4, 5 நிமிடம் வையுங்கள். ஓரமெல்லாம் மொறுமொறு, உள்ளே மெத்து. உங்கள் மகன் கடையில் ருசித்தது அனேகமாக இதைத்தான்.

பௌலின் அடியில், எண்ணெயில் வறுத்துத் தக்காளிச் சாற்றில் வேகவைத்த நீள அரிசிச் சோறு, பக்கத்தில் ராஜ்மா மாதிரியான பின்டோ பீன்ஸ். தக்காளி, வெங்காயம், ஹாலபீனோ பச்சை மிளகாய், கொத்தமல்லி நறுக்கி லைம் பிழிந்தது கடைசியில், பச்சையாக. சீஸ் கொஞ்சம் போதும்.

கேள்வி: ஓவன் இல்லாமல் 'இன்ஸ்டன்ட் பாட்' என்ற மின்சார பிரஷர் குக்கரில் செய்யலாமா?

பதில்: தாராளமாக. கறியை நாலு விரல் கனத் துண்டுகளாக்கி, அதிக அழுத்தத்தில் 50 நிமிடம், பிறகு ஆவி தானாக அடங்க 15 நிமிடம். மொறுமொறுப்புக்கு இரும்பு வாணலியில் புரட்டுங்கள்.

கேள்வி: பின்டோவுக்குப் பதில் ராஜ்மாவை ஸ்லோ குக்கரில் போட்டால்?

பதில்: பச்சையாக அப்படியே போடாதீர்கள். ராஜ்மாவில் உள்ள நச்சு அந்தக் குறைந்த சூட்டில் அழியாது. வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகு போடுங்கள். டின்னில் வருவது வெந்ததுதான், கழுவிச் சேர்த்தால் போதும்.